பழைய வீட்டை முதலில் விற்பதா, புது வீட்டை முதலில் வாங்குவதா?

கேள்வி: நாங்கள் இருப்பது முதல் மாடியில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டின் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கடன் பாக்கி இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இடமும் போதவில்லை. தரைத்தளத்தில் ஒரு பெரிய வீடு பார்த்தோம், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் முன்பணம் கொடுத்தால்தான் நிறுத்தி வைக்க முடியும் என்கிறார் அந்த வீட்டுத் தரகர். "முதலில் அதைப் பிடித்துவிடுவோம், நம் வீடு எப்படியும் விற்றுவிடும்" என்பது என் கணவர் கட்சி. விற்றுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் நல்ல விலைக்கு விற்றார். நாங்கள் இரண்டு வருடம் முன்பு சமையலறையை முழுக்க மாற்றினோம், அந்தச் செலவும் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறோம். எதை முதலில் செய்வது? என்ன விலை சொல்வது? கூடத்தில் என் அப்பா வாங்கித் தந்த சரவிளக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றி எடுத்துப் போகலாமா?
- ஒரு வாசகி

பதில்: என் ஓட்டு உங்களுக்குத்தான். அதற்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டை முடிச்சோடு வீடு தேடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு ஒருவர் விலை பேசி, கணிசமான முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரைக்கும் புது வீட்டுக்காகத் திரும்பி வராத பணம் எதையும் கொடுக்காதீர்கள். அது ஒன்றுதான் நிபந்தனை. வீடு பார்ப்பது, அளப்பது, வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று விசாரிப்பது எல்லாம் இன்றைக்கே தொடங்கலாம்.

நான் வீடுகளை மதிப்பிடும் தொழிலில் இருப்பவன். இரண்டு பக்கமும் போய் வருவதால் ஒன்று தெரியும்: விற்பவருக்குக் கெடு இருக்கிறது என்பது வாங்க வருகிறவருக்கு எப்படியாவது தெரிந்துவிடும். தரகர் வாய்தவறிச் சொல்வார், பிள்ளைகள் புது வீட்டைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது காலியாகக் கிடக்கும் அலமாரியே சொல்லிவிடும். அதன் பிறகு அவர் சொன்ன விலையிலிருந்து ஏற மாட்டார். ஏன் ஏற வேண்டும்? மாதம் போகப் போக நீங்களே இறங்கி வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

இதை எண்ணில் பார்ப்போம். உங்கள் வீட்டின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் பாக்கி 35. தரகு, வக்கீல் செலவு, கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணம், சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து 4. கையில் நிற்பது 61. புது வீடு 150 என்றும், பதிவு, வரி, வக்கீல், வங்கிக் கட்டணம் என்று அதன்மேல் பத்து சதவீதம் என்றும் வைத்தால் மொத்தம் 165. ஆக 104 கடன் வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் வீடு 92-க்குத்தான் போகிறது என்று வையுங்கள். விலை 8 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. கைக்கு வருவதோ 61-லிருந்து 53 ஆகிறது, அதாவது 13 சதவீதம் குறைவு. கடன் பாக்கி குறையாது, செலவும் பெரிதாகக் குறையாது. இறக்கம் முழுவதும் உங்கள் பங்கின் தலையில்தான் விழும். வாங்க வேண்டிய கடன் 112 ஆகிவிடும். அந்த 112-ஐ வங்கி கொடுக்குமா, மாதத் தவணை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் தெரிய வேண்டிய விஷயம். உங்கள் கணவர் சொல்லும் வழியில் போனால், கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியும்.

"இடைக்காலக் கடன் வாங்கிச் சமாளிக்கலாமே" என்று அவர் கேட்கலாம். பழைய வீடு விற்றுப் பணம் வரும் வரை சமாளிக்க, வர வேண்டிய அந்தத் தொகைக்கு வாங்கும் குறுகிய காலக் கடன் அது. கேட்க வேண்டிய கேள்விதான். வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 61-க்கு மாதம் 0.61 வட்டி. ஆறு மாதத்தில் அது 3.66. அதோடு பழைய வீட்டின் தவணை, புது வீட்டின் தவணை, இரண்டு வீட்டுப் பராமரிப்பு. ஆறு மாதத்தில் விற்கும் என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி, பணம் வரும் தேதியும் முடிவாகி, நடுவில் சில வாரங்கள் மட்டும் இடைவெளி இருந்தால் இடைக்காலக் கடன் சரியான கருவி. வாங்குபவர் யார் என்றே தெரியாத நிலையில் அதை வாங்குவது சூதாட்டம்.

முதலில் விற்பதிலும் செலவு உண்டு, மறைக்கவில்லை. நடுவில் சில மாதம் வாடகைக்குப் போக நேரலாம், பொருள்களை இரண்டு முறை ஏற்றி இறக்க நேரலாம், மாமியாரை இரண்டு முறை இடம் மாற்றுவது அவருக்கும் உங்களுக்கும் சிரமம். ஆனால் இந்தச் செலவுக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது, முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். விற்காத வீட்டின் செலவுக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது.

விலை ஏறட்டும், அப்புறம் விற்போம் என்ற யோசனை உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் இங்கேயே முடித்துவிடுவோம். சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு விலை ஏற்றம் நன்மை செய்வதில்லை. இப்போது இரண்டு வீட்டுக்கும் இடையே வித்தியாசம் 50. எல்லா வீடும் பத்து சதவீதம் ஏறினால் உங்களுடையது 110, அது 165, வித்தியாசம் 55. பத்து சதவீதம் இறங்கினால் 90-க்கும் 135-க்கும் நடுவே 45. சந்தை மந்தமாக இருக்கும்போது உங்கள் வீட்டை மலிவாக விற்பது வயிற்றெரிச்சலாக இருக்கும், ஆனால் மொத்தக் கணக்கில் லாபம் உங்களுக்குத்தான்.

சரி, இந்த வாரக் கெடுவுக்கு வருவோம். இன்னும் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தரகர் சொல்லியிருப்பார். உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் உங்கள் பதில் ஒன்றுதான்: எழுத்தில் ஒரு விலை சொல்லுங்கள், நிபந்தனைகளோடு. பத்திரங்களை எங்கள் வக்கீல் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், எங்கள் பொறியாளர் கட்டடத்தைப் பார்க்க வேண்டும், எங்களுக்குக் கடன் கிடைக்க வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் எங்கள் வீடு விற்பனை ஒப்பந்தமாக வேண்டும். இவற்றில் எது நடக்காவிட்டாலும் முன்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். முதல் மூன்றையும் மறுக்கும் விற்பனையாளரிடம் வீடு வாங்காதீர்கள். நான்காவதை அவர் மறுப்பது நியாயம், ஏனென்றால் உங்கள் வீடு விற்கும் வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கும் ஒரு சமரசம் இருக்கிறது. அவர் தன் வீட்டைத் தொடர்ந்து மற்றவர்களுக்குக் காட்டலாம், வேறொருவர் உறுதியான விலையோடு வந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் 72 மணி நேரத்துக்குள் அந்த நிபந்தனையைக் கைவிட்டு வாங்குவதா, பணத்தைத் திரும்பப் பெற்று விலகுவதா என்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் இது வழக்கமான ஏற்பாடுதான். இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பிடித்த வீடு கைநழுவுவது வருத்தம்தான், ஆனால் இரண்டு தவணை கட்டுவதைவிடச் சின்ன வருத்தம்.

ரசீது இல்லாமல், நிபந்தனை எழுதாமல், "சும்மா ஒரு டோக்கன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சின்னத் தொகைதானே என்று கொடுப்பார்கள், அப்புறம் அந்தச் சின்னத் தொகையை இழக்க மனமில்லாமலே பெரிய தொகையையும் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

இனி விலை. இங்கேதான் நீங்களும் உங்கள் கணவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், இரண்டு பேருமே தவறான பக்கம். சமையலறைக்கு நீங்கள் செலவழித்தது வாங்க வருகிறவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது அவருடைய கணக்கு கிடையாது. அவர் பார்ப்பது, இதே மாதிரி வேறு வீடு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும்தான். உங்கள் சமையலறை வீட்டைச் சீக்கிரம் விற்க உதவும், கொஞ்சம் விலையும் கூட்டும். செலவு முழுவதும் திரும்ப வருவது அபூர்வம். இரண்டு வருடம் நல்ல சமையலறையில் சமைத்தீர்கள், அதில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிட்டது.

போட்ட பணத்தை விலையாகச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோஃபர் மேயர் என்ற பொருளாதார அறிஞர்கள் 1990-களில் பாஸ்டன் நகரில் நடந்த அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கேட்கும் விலையில் ஏற்றிச் சொன்னார்கள். கூடுதலாகக் கிடைத்தது அந்த நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம்தான். வீடு விற்கும் வேகமும் நன்றாகக் குறைந்தது. தனியாக நிதானமாக விற்பவருக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்கும். அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவருக்கு?

பக்கத்து வீட்டுக்காரர் விலையையும் கவனமாகக் கையாளுங்கள். அவர் உங்களிடம் சொன்ன விலையா, பத்திரத்திலும் வங்கிக் கணக்கிலும் உள்ள விலையா? போன வருடம் என்றால் எந்த மாதம்? எந்தத் தளம், எத்தனை அறை, வண்டி நிறுத்த இடம் உண்டா? கடந்த ஆறு மாதத்துக்குள் உண்மையில் விற்று முடிந்த, உங்கள் வீட்டைப் போன்ற மூன்று நான்கு வீடுகளின் விலை தெரிந்தால் போதும். விளம்பரத்தில் இருக்கும் விலை எதற்கும் உதவாது, அது விற்காத வீடுகளின் விலை.

மூன்று தரகர்களை வரச்சொல்லி மதிப்புக் கேளுங்கள். எண்ணை மட்டும் கேட்காமல், அந்த எண்ணுக்கு எந்தெந்த விற்பனை ஆதாரம் என்றும் கேளுங்கள். மூவரில் ஒருவர் மட்டும் மற்ற இருவரைவிட மிக அதிகமாகச் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டைத் தன் கைக்குக் கொண்டுவர அவர் சொல்லும் விலையாக இருக்கலாம். வந்த பிறகு மாதம் ஒருமுறை "சந்தை சரியில்லை, கொஞ்சம் குறைப்போம்" என்பார்.

அதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு, தரகர் சீக்கிரம் முடிக்கச் சொல்வது. தரகு 2 சதவீதம் என்றால், நீங்கள் பொறுத்திருந்து 5 அதிகம் வாங்கினாலும் அவருக்கு அதில் 0.1 தான். அதற்காக இன்னும் பத்து நாள் ஆட்களைக் கூட்டிவந்து காட்ட அவருக்கு என்ன அவசியம்? ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோவைச் சுற்றிய பகுதியில் நடந்த விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இது எண்ணாகவே இருக்கிறது: தரகர்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். தரகர்கள் மோசம் என்று சொல்லவில்லை. நல்ல தரகர் உங்களுக்கு நிறைய வேலையை மிச்சப்படுத்துவார். அவர் "இதை விடாதீர்கள்" என்று சொல்லும்போது அது யாருடைய அவசரம் என்று மட்டும் பாருங்கள்.

விலையைச் சொல்லிவிட்ட பிறகு முதல் மூன்று நான்கு வாரம் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தீவிரமாக வீடு தேடுபவர்கள் புதிதாக வருவதைத்தான் முதலில் பார்ப்பார்கள். யாருமே பார்க்க வரவில்லை என்றால் விலை அதிகம், அல்லது படங்கள் மோசம். நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் வீட்டில் ஏதோ அவர்களை உறுத்துகிறது. தரகரை விட்டு ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியாக வந்து கிட்டத்தட்ட ஒரே விலையைக் கேட்டால், கசந்தாலும், உங்கள் வீட்டின் விலை அதுதான். குறைப்பதென்றால் ஒரே தடவை, கண்ணில் படும் அளவுக்குக் குறையுங்கள். சின்னச் சின்னதாக நாலு முறை குறைத்தால், ஐந்தாவது முறைக்காக எல்லோரும் காத்திருப்பார்கள்.

முதல் ஆள் வருவதற்கு முன்பே, இதற்குக் கீழே போகமாட்டோம் என்ற விலையை நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசுவது ஒருவர் மட்டும். கணவன் ஒரு விலையும் மனைவி ஒரு விலையும் சொல்லும் வீட்டில் வாங்குபவர் குறைந்த விலையைப் பிடித்துக்கொள்வார்.

விற்பதற்காகப் புதிதாக எதையும் கட்டாதீர்கள், மாற்றாதீர்கள். ஒழுகும் குழாய், இறுக்கமான கதவு, எரியாத விளக்கு, உடைந்த ஓடு இவற்றைச் சரிசெய்யுங்கள், பாதிப் பொருள்களை அப்புறப்படுத்துங்கள், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வீடு பெரிதாகத் தெரிய இதைவிட மலிவான வழி இல்லை. ஈரக் கசிவு இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள். அதன்மேல் சாயம் அடித்து மறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். என்னைப் போன்றவர்கள் கையில் ஈரம் அளக்கும் கருவியோடுதான் வருவோம். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுச் சாயம் தெரிந்தால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்போம். பிடிபட்டால் அந்தச் சுவரோடு நிற்காது, நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். பல இடங்களில் தெரிந்த குறையை மறைத்து விற்பது பிறகு வழக்காகவும் வரும்.

சரவிளக்குக்குச் சுலபமான பதில்: முதல் படம் எடுப்பதற்கு முன்பே கழற்றிவிட்டுச் சாதாரண விளக்கு ஒன்றை மாட்டுங்கள். சுவரிலும் கூரையிலும் பொருத்தியது எல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்றுதான் வாங்குபவர் நினைப்பார், பெரும்பாலும் சட்டமும் அப்படித்தான் பார்க்கும். பார்த்து ஆசைப்பட்ட பிறகு "அது மட்டும் எங்களுடையது" என்றால், அந்த விளக்குக்காகவே பேரம் முறிந்த கதைகள் உண்டு. எது இருக்கும், எது போகும் என்று ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியலும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டின் மேல் கடன் இருப்பதால், விலை பேசும் முன்பே வங்கிக்குப் போய் வாருங்கள். இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு, முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டா, பணம் கட்டிய எத்தனை நாளில் மூலப் பத்திரங்களைக் கொடுப்பார்கள், அடமானத்தை நீக்கிப் பதிவு செய்வது யார் வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் கடன் பாக்கி நேராக உங்கள் வங்கிக்கும், மிச்சம் உங்களுக்கும் போகும்படி ஒப்பந்தம் எழுதினால் அவருக்கும் பயம் இருக்காது. பல விற்பனைகள் விலையில் உடைவதில்லை, இந்தக் காகித வேலையில் ஒன்றரை மாதம் தாமதமாகித்தான் உடைகின்றன.

இரண்டு பேர் விலை கேட்டால் அதிகம் சொன்னவருக்கே கொடுக்க வேண்டும் என்றில்லை. கடன் அனுமதி கையில் வைத்திருப்பவரா, "கிடைத்துவிடும்" என்பவரா? அவரும் தன் வீட்டை விற்றுத்தான் வாங்க வேண்டுமா? முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிப்பார், முடிக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும்? 97 சொல்லிப் பணத்தோடு நிற்பவரை, 100 சொல்லி நாலு பேர் கையெழுத்துக்குக் காத்திருப்பவரைவிட மேலாக நினைக்கிறேன். உங்கள் நிலையில் உறுதியான தேதிக்கு அந்த மூன்றுக்கு மேல் மதிப்பு இருக்கிறது.

இனி வாங்கும் வீடு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒரே சொல் "தரைத்தளம்". தரைத்தளம் என்றால் படி இல்லை என்று அர்த்தம் கிடையாது. வாசலிலிருந்து மாமியாரின் கட்டில் வரை, கட்டிலிலிருந்து குளியலறை வரை நடந்து, எத்தனை படி, எத்தனை நிலைப்படி, எத்தனை இடத்தில் தரை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். வாசலில் 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் மூன்று படிதானே, சாய்தளம் போட்டுவிடலாம் என்று சொல்வார்கள். சக்கர நாற்காலிக்குப் பரவலாக ஏற்கப்பட்ட சாய்வு 12-க்கு 1. ஆக அந்த 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். வாசலுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா? குளியலறைக் கதவு திறந்தபின் குறைந்தது 80 சென்டிமீட்டர் வழி கிடைக்க வேண்டும். நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். இன்றைக்கு அவர் நடக்கிறார்தான், ஆனால் இந்த வீட்டில் பல வருடம் இருக்கப் போகிறீர்கள். முடிந்தால் அவரையே ஒருமுறை கூட்டிப் போய்க் குளியலறை வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த மதிப்பீட்டாளரும் தர முடியாத அறிக்கை அது.

தரைத்தளத்தின் இன்னொரு பக்கம் ஈரம். சுவரின் அடிப்பகுதியில் ஒரு மீட்டர் உயரம் வரை சாயம் உரிந்திருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வாசம் வருகிறதா? மழை பெய்த மறுநாள் போங்கள். வெளியே தரை வீட்டைப் பார்த்துச் சரிகிறதா, வீட்டை விட்டு விலகிச் சரிகிறதா? மேல்தளங்களின் கழிவுநீரெல்லாம் இறங்கும் இடமும் இதுதான். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றி, தரை வடிகாலில் நீர் மேலே வருகிறதா என்று பாருங்கள். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சில் மட்டும் இருக்கும், பயப்பட வேண்டாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காகவோ படிப்படியாகவோ ஓடும் விரிசல், அதிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது, பொறியாளர் பார்க்காமல் கடக்கக் கூடாது. அந்தப் பொறியாளரையும் வக்கீலையும் நீங்களே தேடுங்கள், விற்பவரின் தரகர் சிபாரிசில் வேண்டாம்.

வக்கீலிடம், எல்லாம் சரியா என்று பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். விற்பவர் மட்டும்தான் உரிமையாளரா, கையெழுத்துப் போட வேண்டிய வேறு பங்காளிகள் உண்டா? வில்லங்கம், வழக்கு, வரிப் பாக்கி, சங்கப் பாக்கி உண்டா? அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டியிருப்பதும் ஒன்றா? குடியிருப்பவர் யாராவது காலி செய்ய வேண்டியிருக்கிறதா? பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறையை விலையில் சேர்த்து விற்றுவிட்டு, அனுமதியில் அது இல்லை என்று பிறகு தெரிவது சகஜம்.

விலை பேசும் முன், அவர்கள் கேட்கும் விலையைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் கணக்கை எழுதுங்கள். கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இருவர் 1987-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே வீட்டை மதிப்பிடச் சொல்லி வெவ்வேறு கேட்பு விலைகளைக் கொடுத்தார்கள். அனுபவமுள்ள தரகர்களின் மதிப்பீடுகூட அந்த விலையின் பக்கமே சாய்ந்தது, அதை நாங்கள் கவனிக்கவே இல்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கும் இது பொருந்தும், அதனால்தான் முடிந்தவரை கேட்பு விலையைக் கடைசியில் பார்க்கிறேன்.

தேதிகளை எப்படிப் பொருத்துவது? உங்கள் வீட்டை வாங்குபவரிடம் காலி செய்ய நீண்ட அவகாசம் கேளுங்கள். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது கேட்கலாம். அல்லது விற்று முடித்த பிறகு இரண்டு மூன்று மாதம் அதே வீட்டில் வாடகைக்கு இருக்க ஏற்பாடு செய்யலாம்: வாடகை எவ்வளவு, கடைசி நாள் எது, மீறினால் நாளுக்கு எவ்வளவு என்று எழுதி, ஒரு சிறு தொகையை அவரிடமே நிறுத்தி வைக்கச் சம்மதித்தால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் மாமியாரை ஒரே முறை மட்டும் இடம் மாற்ற இதுதான் வழி. விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஒரு வங்கிப் பரிமாற்றம் மாலைக்குள் வராவிட்டால், பொருள்கள் லாரியில் இருக்கும், இரண்டு வீட்டின் சாவியும் உங்களிடம் இருக்காது. நாலைந்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

வரி ஆலோசகரை ஒப்பந்தத்துக்கு முன்னால் பாருங்கள், பின்னால் இல்லை. வீடு விற்ற லாபத்தை வேறு வீட்டில் போட்டால் பல நாடுகளில் வரிச் சலுகை உண்டு, ஆனால் அது தேதிக் கணக்கில் ஓடுவது. சில வாரம் தள்ளிப்போனதால் சலுகையை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் பணம் அனுப்பும் கட்டம். விற்பவர் அல்லது வக்கீல் பெயரில், கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள் என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வருவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. அந்த அஞ்சலில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். முதலில் ஒரு சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்தது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள். சாவி வாங்கும் நாளில் மின்சாரம், தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து வையுங்கள், பழைய வீட்டிலும் அதேபோல. பழைய வீட்டின் காப்பீட்டைப் பதிவு முடிந்து சாவி கைமாறும் வரை நிறுத்தாதீர்கள், புது வீட்டுக்கு எந்த நாளிலிருந்து காப்பீடு தொடங்க வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டு அன்றே தொடங்குங்கள்.